நியூ டேப்பில் கம்பு பிடித்து நின்றவர்

2009 அக்டோபர் 22, வியாழக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். கணினித் திரையின் மூலையில் இருந்த நேரத்தை அப்போது நான் பார்த்ததால் இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பஹ்ரைனின் குதைபியாவில் ஒரு சலவைக் கடைக்கும் மலையாளி ஹோட்டலுக்கும் நடுவே இருந்த கம்ப்யூட்டர் கடையின் கவுன்ட்டரில் உட்கார்ந்து, பிரவுசரில் புதிதாக ஒரு டேப்பைத் திறந்தேன். வெள்ளையாக வரவேண்டிய பக்கத்தில் ஒரு படம் வந்தது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் படம் வரச்செய்யும் வேலையில்தான் சில வாரங்களாக இருந்தோம். ஆனால் படத்தின் அடியில், மஞ்சள் எழுத்தில், சிவப்பு விளிம்பு கட்டி, தமிழில் ஒரு வாசகம் இருந்தது. முந்தைய நாள் நான் முடித்துக் கொடுத்த படத்தில் அது இல்லை.

‘அயல்நாட்டு மண்ணில் அமெரிக்க ஆட்டத்தை அளந்து காட்டும் எங்கள் மண்ணின் மைந்தன்.’ அதற்குக் கீழே தலைப்பெழுத்தோடு ஒரு பெயர். பிறகு ஊர், தாலுகா, மாவட்டம்.

அந்தப் பெயருக்குரியவர் அப்போது பஹ்ரைனில் எங்கே இருக்கிறார் என்பதை யாரும் அறியக்கூடாது. அதுதான் விஷயம்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீடு அதே கட்டடத்தின் மூன்றாம் மாடி. நான் அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். மாலைகளில் கீழே கடையில் வேலை செய்ய அப்பா சம்மதித்ததற்கு, படியிறங்கினால் கடை என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாக நினைவில்லை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஊரில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்து, அதை மைத்துனரிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவர். ஆறு கேபின்களில் இணையம், விசாவுக்கான போட்டோ, ஸ்கேன், பிரிண்ட், வியாழன் வெள்ளிகளில் வெப்கேமில் வீட்டாரோடு பேச வருகிறவர்கள் என்று கடை ஓடிக்கொண்டிருந்தது.

ஜுஃபைரில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அமெரிக்கர் ஒருவர் எங்களிடம் விசிட்டிங் கார்டு அடிக்க வந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர் தன் நாட்டுக்காரர்களைச் சேர்த்து அமெரிக்கக் கால்பந்து ஆடவைப்பார். எல்லோரும் அவரைக் கோச் என்றுதான் அழைத்தார்கள். அவருடைய ஊரில் பெரிய அணிகளின் ரசிகர்களுக்கென்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்ததாம். பிரவுசரில் நியூ டேப் திறக்கும்போதெல்லாம் திரை முழுவதும் ஆட்டத்தின் படம் ஒன்று வரும், ஒவ்வொரு தடவையும் வேறொன்று. தன் சிறிய அணிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். அண்ணாச்சி இலவசமாகக் கிடைத்த ஒன்றை எடுத்துப் பிரித்து மாற்றினார். படங்களைத் தேர்ந்தெடுப்பதும், வெட்டிச் சரிசெய்வதும், ஒவ்வொன்றின் அடியிலும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவதும் என் வேலை. சரியாக எழுதவேண்டும் என்பதற்காகவே அந்த ஆட்டத்தின் விதிகளை நான் படித்தேன்.

பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறவேண்டும். முன்னேறியதா என்பதை அளக்க, எல்லைக்கோட்டின் ஓரத்தில் இரண்டு பேர் இரண்டு கம்புகளோடு நிற்பார்கள். கம்புகளின் அடியைப் பத்து கஜச் சங்கிலி ஒன்று இணைத்திருக்கும். சந்தேகம் வந்தால் நடுவர் கைகாட்டுவார். இருவரும் சங்கிலியோடு மைதானத்துக்குள் ஓடிவந்து இழுத்துப் பிடிப்பார்கள். அந்த ஒரு நிமிடம், வெறும் கம்பு பிடிக்கிறவர்களைத்தான் மைதானமே பார்த்துக்கொண்டிருக்கும்.

கோச்சுக்கு மிகவும் பிடித்த படம் அப்படி ஒரு நிமிடத்தில் எடுத்தது. பந்தின் நுனி கம்பை ஒரு விரற்கடை தாண்டிக் கிடக்கிறது. மணல் படிந்த ஆட்டக்காரர்கள் குனிந்து பார்க்கிறார்கள். அவர்கள் நடுவில், ஆரஞ்சு நிறக் கம்பைப் பிடித்தபடி, கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறார் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் ஒருவர். வெள்ளிக்கிழமை மைதானத்தைப் பெருக்குவதும் கோடு போடுவதும் கம்பு பிடிப்பதும் அவர் வேலை.

மற்ற நாள்களில் கிடைத்த இடத்தில் கிடைத்த வேலை. ஏனென்றால் விசாவில் இருந்த கம்பெனியை விட்டு அவர் வெளியேறியிருந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்தும் லீவு கொடுக்காமல், பாஸ்போர்ட்டையும் கொடுக்காமல் இழுத்தடித்த ஒரு கட்டுமானக் கம்பெனி அது. ஒரு வெள்ளிக்கிழமை தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கிளம்பியவர் திரும்பிப் போகவில்லை. ஓடிப்போனவர் என்று கம்பெனி புகார் கொடுத்துவிட்டது. பிடிபட்டால் முதலில் சிறை, பிறகு ஊர், மறுபடி வரமுடியாதபடி பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை. அவர் வளைகுடாவுக்கு வந்த பிறகு பிறந்த மகளை எங்கள் கடையின் வெப்கேமில் மட்டுமே பார்த்திருக்கிறார். இவை எல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், கேபின்களுக்குக் கதவு கிடையாது.

அண்ணாச்சி மனாமா மார்க்கெட்டுக்கு மை வாங்கப் போயிருந்தார். போன் செய்தேன்.

“அண்ணாச்சி, அந்த கம்பு பிடிக்கிறவர் படத்துல தமிழ்ல ஏதோ எழுதியிருக்கு.”

“ஏதோவா? நாந்தாம்மா எழுதுனேன். நல்லாருக்குலா?”

“அவர் பேர், ஊர் எல்லாம் இருக்கு.”

“அவன்தாம் கேட்டான். நேத்து வந்து நின்னு, அண்ணாச்சி, எல்லாப் படத்துலயும் ஆட்டக்காரன் பேரு இங்கிலீசுல கெடக்கு, எனக்கு மட்டும் ஒண்ணுமில்லியேன்னு மூஞ்சத் தூக்கிக்கிட்டான். பேரு போடாத போட்டோ என்ன போட்டோ? கல்யாண பேனர்ல மாப்பிள்ள பேரு போடாம விடுவமா?”

“அவர் மேல புகார் இருக்கு அண்ணாச்சி.”

“வெள்ளக்காரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமாக்கும்? அவன் அத டிசைன்னு நெனச்சிருக்கான். சூப்பர்னு மெயில் போட்டான் பாத்துக்கோ.”

“யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கார்?”



“காலைல அவங்க சப்-கான்ட்ராக்ட் ஆபீசு எல்லாத்துக்கும் லிங்க் அனுப்பிட்டேன்னு சொன்னான்,” என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கியிருந்தது.

அந்தக் கட்டுமானக் கம்பெனியும் கோச்சின் நிறுவனத்திடம் சப்-கான்ட்ராக்ட் செய்தது. அதன் ஊழியர்கள் எங்களிடம் பிரிண்ட் எடுக்க வரும்போது மெயின் கான்ட்ராக்டர் என்று அந்த நிறுவனத்தைத்தான் குறிப்பிடுவார்கள். படத்தை உடனே மாற்றவேண்டும், படங்கள் இருக்கும் சர்வரின் பாஸ்வேர்டைச் சொல்லுங்கள் என்றேன். போனில் சொல்வதற்கில்லை, நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். பாஸ்வேர்டைப் போனில் சொல்லக்கூடாது என்பதில் மட்டும் அவர் மிகுந்த எச்சரிக்கை உள்ளவர்.

சம்பந்தப்பட்டவருக்கும் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். வேலையில் இருக்கும்போது எப்போதும் அப்படித்தான். வியாழக்கிழமை ஆறு மணிக்கு மேல் மனைவியோடு பேச வருவார். அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஐந்து மணியைத் தாண்டியிருக்கும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பதைக் கடந்த வயது, நெற்றியில் லேசாகத் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் அந்தக் கட்டுமானக் கம்பெனியின் சின்னம். முன்பு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வந்திருக்கிறார். அங்கே டைம் கீப்பர். ஆள்களின் வருகையைப் பதிவு செய்கிறவர். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர் என்பது அவர் பேச்சிலேயே தெரியும்.

“அரை மணி நேரம் குடும்மா. எந்த கேபின்?”

எல்லா கேபின்களிலும் அந்த எக்ஸ்டென்ஷன் இருந்தது. விளம்பரமாக இருக்கட்டும் என்று அண்ணாச்சி போட்டுவைத்தது. நான்காம் கேபின் என்று சொன்னேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஒன்றுதான். அவர் போய் உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டது. கவுன்ட்டரிலிருந்து நான் நேரத்தைத் திறந்தால்தான் அவருக்குத் திரை வரும். திறக்காமல் தாமதித்தேன். அவர் எட்டிப் பார்த்தார். திறந்தேன்.

இருபது சொச்சம் படங்களில் எது எப்போது வரும் என்று யாராலும் சொல்லமுடியாது. முதல் டேப்பிலேயே அது வரலாம், அவர் எழுந்து போகும்வரை வராமலும் இருக்கலாம். ஒரு தடவை மவுஸின் சொடுக்கு கேட்டது. இன்னொரு தடவை. அவர் எதையும் டைப் செய்யவில்லை என்பதைக் கவனித்தேன். சொடுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒருவர் எதையும் தட்டச்சு செய்யாமல் டேப் டேப்பாகத் திறந்துகொண்டே போனால் அவர் படங்களைத்தான் பார்க்கிறார். அது புரிந்த கணத்தில் கவுன்ட்டரிலிருந்து நான்காம் கேபினின் திரையைப் பூட்டினேன்.

நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. அவர் கவுன்ட்டருக்கு வந்தார்.

“என்னம்மா, கறுப்பாயிடுச்சு?”

வாடிக்கையாளர்களிடம் நான் எண்களைத் தவிர அதிகம் பேசியதில்லை. இப்போது பேசவேண்டியிருந்தது.

“அந்த மெஷின்ல வைரஸ் அங்கிள். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, நானே எடுத்துத் தர்றேன்.”

“வைரஸா?” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மஞ்சள் எழுத்துல, செவப்பு பார்டர் கட்டின வைரஸா?”

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

“காலைலேயே பாத்துட்டேம்மா. எங்க அக்கவுன்டன்ட் மலையாளி. அவன் டேப்பத் தொறக்குறான், வந்து நிக்குது. சேட்டா, இது தமிழ்தானே, என்ன எழுதியிருக்குன்னு என்னையக் கூப்புட்டுக் கேக்குறான். அவன் புதுசு, இவன பாத்ததில்ல. நான் வாசிச்சுப் பாக்குறேன், எனக்கு வேர்த்துடுச்சு. தீபாவளி வாழ்த்துப்பான்னு சொன்னேன்.”

“நம்பினாரா?”

“தீபாவளி போன வாரமே முடிஞ்சுபோச்சேன்னான். வெள்ளக்காரன் லேட்டா அனுப்பியிருக்கான்னேன். உங்க கடைப் பேரு ஓரத்துல இருந்துச்சு. அதான் டூட்டி முடிஞ்சதும் நேரா வந்தேன், இன்னும் கெடக்குதான்னு பாக்க. கெடக்குது.” குரலை இன்னும் தாழ்த்தினார். “என்னம்மா கூத்து இது? ஓடிப்போனவன் வெலாசத்த எவனாவது போஸ்டர் அடிச்சு ஒட்டுவானா?”

“கடைல இன்னைக்குத்தான் நான் பாத்தேன் அங்கிள்.”

“அவன் ஓடிட்டான்னு எழுதிக் குடுத்தது யாரு தெரியுமா? நான்தான். என் கையெழுத்துதான் இருக்கு அந்தப் பேப்பர்ல. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதுன்னும் எழுதியிருக்கேன். அது பொய்யாப் போச்சுன்னா அவன் மட்டும் மாட்ட மாட்டான்.”

அவர் இரக்கத்தினால் வந்தாரா, தன்னைக் காத்துக்கொள்ள வந்தாரா என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். இரண்டும் இருந்திருக்கும். அன்று அதைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை.

அண்ணாச்சி வியர்வையோடு உள்ளே வந்தார். டைம் கீப்பரின் அடையாள அட்டையைப் பார்த்ததும் மைப் பெட்டிகளை இறக்காமலே நின்றுவிட்டார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்து சர்வரைத் திறந்தார். அதே கோப்புப் பெயரில் வேறொரு படத்தை ஏற்றினேன். கூட்டமே இல்லாத, ஆள்களே இல்லாத, மைதானத்தின் வெள்ளைக் கோடுகள் மட்டும் உள்ள படம்.

“இனிமே எல்லா எடத்துலயும் மாறிருமா?” என்று டைம் கீப்பர் கேட்டார்.

“பிரவுசர மூடித் தொறந்தா புதுப்படம்தான் வரும். மூடாம வச்சிருந்தா பழசு இருக்கும்.”

“எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்தேன். நாளைக்கு லீவு. சனிக்கிழமை தொறக்கறப்ப புதுசாத்தானே வரும்? சரி, அது முடிஞ்சுது.” அவர் போகவில்லை. “நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?”

“நாளைக்கு என்ன?” என்றார் அண்ணாச்சி.

“அந்த மெயில்ல லிங்க் மட்டுமா இருந்துச்சு? நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆட்டம், எல்லாரும் குடும்பத்தோட வாங்க, பார்பிக்யூ உண்டுன்னு எழுதியிருந்துச்சே. எங்க மந்தூப் புள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு.”

மந்தூப் என்றால் கம்பெனிக்காக அரசு அலுவலகங்களில் அலைகிறவர். விசா அடிப்பதும் அவர்தான், புகார் கொடுப்பதும் அவர்தான். அந்தக் கம்பெனியில் இறங்கிய ஒவ்வொருவரையும் விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்து, கைரேகை வைக்கக் கூட்டிப் போனவர். தமிழ் தெரியாது. தெரியவும் வேண்டாம், முகம் தெரியும். ஒரே ஒரு போன் செய்தால் போதும்.

“அவன்கிட்ட சொல்லிருங்க, நாளைக்கு அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கக் கூடாது,” என்றார் டைம் கீப்பர். “நான் கெளம்புறேன். அவன் வர்ற நேரம். நான் அவன பாக்கக் கூடாது. பாத்தா இன்னொரு பொய் சொல்லணும். ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல எனக்கு வராது.”

அரை மணி நேரத்துக்கான காசை வைத்துவிட்டுத்தான் போனார்.

ஆறு மணிக்குப் பிறகு புதுக்கோட்டைக்காரர் வந்தார். குளித்து, தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். வெப்கேமுக்கு முன் உட்காரும் நாளில் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் இரண்டாம் கேபினில் உட்கார்ந்துவிட்டார். அங்கே மனைவி ஏற்கெனவே காத்திருந்தார், ஊரில் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில். குறுக்கே பேச எங்களுக்கு மனம் வரவில்லை.

“பாத்தேங்க, பாத்தேன்,” என்று ஹெட்போனையும் மீறி அந்தப் பெண்ணின் குரல் கசிந்தது. “நேத்து நீங்க சொன்ன லிங்க கடைக்காரப் பையன் தொறந்து காட்டுனான். எங்கண்ணன் பிரிண்ட் எடுத்து ஒட்டி வச்சிருக்கு. கையில என்னங்க அது, வேலா?”

“வேலுமில்ல சூலமுமில்ல. பத்து கஜம் அளக்குற கம்பு. நான் இல்லாட்டி ஒரு பயலும் ஜெயிச்சானா தோத்தானான்னு சொல்ல முடியாது, தெரியுமா?”

“நெசமாவா!”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். அவர் பேசி முடித்து, மகளுக்குக் கையசைத்து, ஹெட்போனைக் கழற்றும்வரை காத்திருந்தோம். பிறகு நான்தான் சொன்னேன், நடந்த வரிசையில், எதையும் குறைக்காமல்.

அவர் முதலில் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி அல்ல.

“அப்ப என் படத்த எடுத்துட்டீங்களா?”

“எடுக்க வேண்டியதாப் போச்சு.”

“பேர மட்டும் அழிச்சிருக்கலாம்ல?”

“ஏலே, மூஞ்சிய வச்சிக்கிட்டு பேர அழிச்சா மந்தூப் சும்மா விட்டுருவானா?” என்றார் அண்ணாச்சி.

“பேரு கேட்டது நான்தான் அண்ணாச்சி. கூட ஊரு மட்டும் போதும்னேன். தாலுகா, மாவட்டம் வரைக்கும் போட்டது யாரு?”

“முழுசாப் போட்டாத்தான மரியாத!”

இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து முகத்தை இரு கைகளாலும் தேய்த்துக்கொண்டார். நாளை அவர் போகாமல் இருக்கமுடியாது என்றார். கோச்சின் நிறுவனத்தில் புது விசாவுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆள் எடுக்கும் மேனேஜர் நாளை ஆட்டம் பார்க்க வருகிறார். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. இந்த வாரம் விட்டால் மேனேஜர் லீவில் போய்விடுவார். பழைய கம்பெனியின் புகாரை முறையாக முடித்து விசா மாற்றித் தரக்கூடிய அளவுக்குப் பெரிய நிறுவனம் அவருக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

“தலைல துண்டக் கட்டி முகத்த மூடிக்கிட்டு நிக்கிறேன். சைட்டுல அப்படித்தான நிப்போம்? யாருக்குத் தெரியும்?”

“சங்கிலியத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடும்போது எல்லாரும் உங்களத்தான் பாப்பாங்க,” என்றேன்.

ஏறக்குறைய அதையே அவர் சற்றுமுன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னதால் மறுக்க வழியில்லை.

“அப்ப என்னதான் பண்றது தங்கச்சி? வரலன்னா கோச் என்ன நெனப்பாரு? வெள்ளிக்கிழமை வேலைக்கே வராதவன நம்பி எவன் விசா குடுப்பான்?”

“ஒடம்பு சரியில்லன்னு நான் போயிச் சொல்லுதேன்,” என்றார் அண்ணாச்சி. “சொன்னாப் போச்சு.”

“ஒடம்பு சரியில்லாதவன மேனேஜர் எடுப்பானா?”

ஐந்தாம் கேபினில் யாரோ யாரிடமோ அரிசி வந்து சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோச்சிடம் உண்மையைச் சொல்லலாம் என்றேன். புகார் இருக்கிறது, பழைய கம்பெனியின் ஆள் அங்கே வருவார், அதனால்தான் இவர் வரவில்லை, மேனேஜரை வேறு இடத்தில் பார்க்க அனுமதி கொடுங்கள் என்று. கோச்சுக்கு இதுவரை அது தெரியாது. இவர் வேலையிடத்தில் பழகிய இந்தியில் பேசுவதும் அவர் ஆங்கிலத்தில் பேசுவதும் கைஜாடையில் சந்தித்துக்கொண்டதோடு சரி.

“சொன்னா வேண்டாம்னுருவாரா?”

“தெரியாது.”

அவர் ஹெட்போனை அதன் கொக்கியில் மாட்டினார்.

“சரி, நீங்களே பேசுங்க,” என்றார். “தெரியாதுன்னு சொல்றீங்கல்ல, அதனாலதான். அண்ணாச்சி போனார்னா எல்லாம் ஓக்கே ஆச்சுன்னு வந்து நிப்பாரு.”

“நான் என்ன பொய்யா சொல்லப்போறேன்?” என்றார் அண்ணாச்சி.

மறுநாள் காலை, ஏழரை மணிக்கு, அண்ணாச்சியின் காரில் மைதானத்துக்குப் போனேன். கடை வேலை என்று வீட்டில் சொன்னேன். அது பொய்யல்ல என்பதால் சொல்வது எளிதாக இருந்தது. ஜுஃபைருக்கு அப்பால், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், பாதி புல்லும் பாதி மணலுமாக இருந்தது மைதானம். கோச் வெள்ளைச் சுண்ணாம்பு வண்டியைத் தானே தள்ளிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எங்கே அவன் என்று என்னைப் பார்த்ததும் கேட்டார்.

இரவில் மனதுக்குள் எழுதி வைத்திருந்த நான்கு வாக்கியங்களைச் சொன்னேன். அவற்றில் கெஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் வாய்க்குள் ஒரு வசவைச் சொன்னார். யாரை என்று தெரியவில்லை. பிறகு, மேனேஜர் வரட்டும், அவரிடம் நீயே இதைச் சொல், என் வாயால் சொன்னால் நான் சிபாரிசு செய்வதாக ஆகும் என்றார். கோட்டோரமாகக் கிடந்த ஆரஞ்சுக் கம்பைக் காலால் நகர்த்தினார். இப்போது இதை யார் பிடிப்பது என்று கேட்டார்.

அண்ணாச்சிக்கு விதிகள் தெரியாது. எனக்குத் தெரியும்.

கம்பு நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மறுகம்பைப் பிடித்த வங்காளதேசத்துக்காரர் என் துப்பட்டாவைப் பார்த்துவிட்டு, அதை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்ளும்படி ஜாடை காட்டினார். கட்டிக்கொண்டேன். ஆட்டம் தொடங்கியது. கூட்டம் சேரச்சேர, கறி சுடும் புகை மைதானத்தின் மேல் மிதந்து வந்தது. எந்த முகம் மந்தூப் என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. டைம் கீப்பரிடம் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மந்தூப்பே வந்தார். இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி, ஒருவர் கயிற்றைத் தாண்டி என் பக்கத்தில் நின்று, பிள்ளைகளுக்குச் சங்கிலியைக் காட்டினார். அவருடைய சட்டையில் அந்தக் கம்பெனியின் சின்னம் இருந்தது.

“ரோஸ் வாலா ஆத்மி கிதர் ஹை?” என்றார் சிரித்துக்கொண்டே, தினமும் நிற்கிற ஆள் எங்கே என்று. “படத்துல ஒருத்தன் இருந்தானாமே, ஆபீசுல சொன்னாங்க. நான் பாக்கல” என்று இந்தியில் தொடர்ந்தார்.

“ஆஜ் மைன் ஹூன்,” என்றேன். இன்று நான்தான்.

“பஹுத் அச்சா,” என்றார். பிள்ளைகள் கம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். தொடட்டும் என்று சாய்த்துப் பிடித்தேன். சின்னவன் பசிக்கிறது என்றதும் புகை வந்த பக்கம் போனார்கள்.

பாதி ஆட்டத்தின் இடைவேளையில் கோச் மேனேஜரை அழைத்து வந்தார். வெயிலில் முகம் சிவந்த, அதிகம் பேசாத மனிதர். அதே நான்கு வாக்கியங்களை மறுபடி சொன்னேன், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு. மேனேஜர் இரண்டு கேள்விகள் கேட்டார். புகாரின் நகல் இருக்கிறதா? அவர் மீது வேறு ஏதாவது வழக்கு உண்டா? முதலாவதற்குத் தெரியாது என்றேன். இரண்டாவதற்கு, எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என் அலுவலகத்தின் பின்வாசலுக்கு வரட்டும், எங்கள் சட்ட ஆலோசகர் பார்க்கட்டும், நான் வாக்கு எதுவும் தரவில்லை என்றார் மேனேஜர்.

நடுவே கிளம்பினால் கம்பு பிடித்தவள் ஏன் போகிறாள் என்று யாராவது கேட்பார்கள் என்பதால் ஆட்டம் முடியும்வரை நின்றேன். பிறகு அண்ணாச்சியின் காரில் உட்கார்ந்து, புதுக்கோட்டைக்காரரின் எண்ணுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். மேனேஜர் சொன்னதைத் தமிழில், அந்தக் கடைசி வாக்கியத்தையும் விடாமல், சொன்னேன்.

“முகம் எப்படி இருந்துச்சு அவருக்கு?” என்றார்.

“வெயில்ல செவந்திருந்துச்சு. கோவமா இல்ல.”

“சரி தங்கச்சி. ஞாயித்துக்கெழம நீங்களும் கூட வருவீங்களா?”

வருகிறேன் என்றேன். அண்ணாச்சி வண்டியைக் கிளப்பினார்.